தரைக்கு வராத ஹெரால்டு

ஒரு விடுகதை போடுகிறேன், பொறுமையாகக் கேளுங்கள். ஆள் ஏறினால் அது இறங்கும், ஆள் இறங்கினால் அது ஏறும். அது என்ன?

தராசுத் தட்டு என்று சிலர் சொல்வீர்கள். பூங்காவில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் பலகை என்று சிலர் சொல்வீர்கள். இரண்டும் நல்ல விடைகள்தாம், ஆனால் நான் கேட்டது கோயம்புத்தூரில் கணபதியைத் தாண்டி, லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் கடைகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில் இருந்த வெளிர்நீல ஹெரால்டு காரைப் பற்றி. விடை தெரிந்துவிட்டது, இனி கதைக்குப் போகலாம்.

அந்தச் சந்தின் கடைசிப் பட்டறை தண்டபாணிக்கும் அவர் மனைவி சம்பூரணத்துக்கும் சொந்தம். தண்டபாணி டிங்கர் வேலைக்காரர். எந்த லாரி இடித்து எப்படி நசுங்கிய தகடாக இருந்தாலும் உள்பக்கமிருந்து சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, கன்னத்தைத் தடவிப் பார்ப்பதுபோல் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, பழைய வளைவுக்குக் கொண்டுவந்துவிடுவார். சம்பூரணம் இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் வைத்துப் பந்தயக் கார்களுக்கு சேஸிஸ் செய்பவர், அதாவது காரின் எலும்புக்கூட்டைச் செய்பவர். கணவர் தோல், மனைவி எலும்பு என்று சந்தில் சொல்வார்கள். இருவருக்கும் ஒரே மகள், பெயர் வஞ்சி, வயது பத்து.

ஹெரால்டு அவர்களுடைய சொந்த வண்டி. எஞ்சின் செத்துப்போய் முற்றத்தில் நின்றதே தவிர, அது சும்மா நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வஞ்சி முன்சீட்டை மடக்கிப் பின்சீட்டுக்குள் புகுந்து, கண்ணாடியைக் கைப்பிடியால் சுற்றி இறக்கி, வாய்ப்பாடு எழுதுவதும் நெல்லிக்காய் தின்பதும் கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வதும் அங்கேதான். வீட்டில் அவளுக்கென்று தனி அறை கிடையாது, பின்சீட்டு உண்டு.

சம்பூரணத்துக்கு வெகுநாளாக ஓர் ஆசை. எஞ்சினை மூக்கில் வைக்காமல், முன்சீட்டுகளுக்குப் பின்னால், வண்டியின் நட்டநடுவில் வைத்து ஒரு கார் கட்ட வேண்டும், அதன் மேல் அந்தப் பழைய ஹெரால்டின் பாடியைப் பொருத்த வேண்டும், அதைக் கருமலை ஏற்றப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும்.

"பாரம் நடுவுல இருந்தா வண்டி பம்பரமாட்டத் திரும்புமுங்க," என்றார் கணவரிடம்.

தண்டபாணி யோசித்தார். "சரி புள்ள. ஆனா ஒண்ணு. எம் பாடில ஒரு நகக்கண்ணு அளவு தகடுகூட வெட்டப்படாது."

"வெட்டல. எனக்கும் ஒண்ணு. எஞ் சேஸிஸ்ல ஒரு முழம் குழாய்கூடச் சேக்கப்படாது. வண்டி கனத்துப் போயிரும்."

இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வெட்டாத பாடியும் நீளாத சேஸிஸும் சேர்ந்தால் எஞ்சினுக்கு மிஞ்சுவது பின்சீட்டு இருந்த இடம் மட்டும்தான். அந்த இடத்தைப் பற்றி யாரும் நிபந்தனை போடவில்லை.

வஞ்சி கேட்டாள்: "அப்போ நான் எங்கீங்க உக்காருவேன்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா வெல்டிங் கண்ணாடியைத் துடைத்தார். "இது பந்தய வண்டி கண்ணு. பொடுசுக ஏறப்படாது."

"பந்தயம் முடிஞ்சதுக்கு அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

பெரியவர்கள் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது பத்து வயதில் எல்லோருக்கும் தெரியும். வஞ்சி போய்ப் பின்சீட்டிலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆயுத பூஜையன்று புதிய சேஸிஸுக்குச் சந்தனம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்தார்கள். மறுநாள் ஹெரால்டின் பின்சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, பாடியைப் பழைய சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகளைத் தண்டபாணி ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசிப் போல்ட் கைக்கு வந்ததும், பாரம் தூக்கும் செயின் பிளாக்குக்கு வேலை வைக்காமல் பாடி தானாக எழுந்தது. எழுந்து, பட்டறைக் கதவைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, சந்துக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், அங்கேதான் தன் இடம் என்பதுபோல் நின்றது.

தண்டபாணி ஸ்பானரோடு அண்ணாந்து பார்த்தார். "போல்ட்டு ஏதாச்சும் கழட்டாம விட்டுட்டமா?"

"விட்டிருந்தாத்தான் கீழ நிக்குமே," என்றார் சம்பூரணம்.

எதிர்ப் பட்டறை லேத் ஆறுச்சாமி எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலே நோக்கினார். சந்திலேயே அளவில் பிசகாதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். "நல்ல லெவல்ல நிக்குதுங்க," என்று பாராட்டிவிட்டுத் திரும்பிப் போய் லேத்தை ஓட்டினார்.

சந்து அதைப் பழகிக்கொண்டது. டீக்கடை மரியபுஷ்பம் தன் பெஞ்சுகளை இழுத்து அதன் நிழலில் போட்டார், வெயில் நகர நகர நிழலும் நகர, நிழலோடு பெஞ்சும், பெஞ்சோடு வாடிக்கையாளர்களும், சாயங்காலத்துக்குள் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மின்வாரியத்து ஆள் வந்து, கம்பியில் உரசாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தானே ஒரு நைலான் கயிற்றைக் கட்டி வார்ப்படச் சாலை கேட்டில் முடிந்துவிட்டுப் போனார். மாநகராட்சி அலுவலர் ஒருவர் வந்து, அதை மாடி என்று எழுதுவதா கூரை என்று எழுதுவதா என்று நெடுநேரம் குழம்பி, இரண்டு டீ குடித்து, அதை வண்டி என்றே விட்டுவிட்டார். மழை பெய்தபோது சக்கரக் குழிகள் வழியாகத் தண்ணீர் நான்கு அருவியாக விழுந்தது, பெண்கள் நான்கின் கீழும் வாளி வைத்தார்கள். மைனாக்கள் ஹெட்லைட் குழியில் குடியேறின. ஆட்டோக்காரர்கள் பழைய தெருப்பெயரை மறந்து ஹெரால்டு சந்து என்றார்கள். பக்கத்துச் சந்துக்காரர்களோடு சண்டை வந்தால், "உங்க சந்துல என்னய்யா மிதக்குது?" என்ற கேள்வியோடு சண்டை முடிந்துவிடும்.

ஆனால் கருமலைப் பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே பட்டறைக்குள் புதிய சேஸிஸ், நடுவில் எஞ்சினோடு, ஓடு கழன்ற நண்டுபோல் காத்திருந்தது.

பூஜையில் சேஸிஸுக்கு மட்டும் எலுமிச்சம்பழம் வைத்தோம், பாடிக்கு வைக்கவில்லை, அதனால்தான் கோபம் என்றார் ஆறுச்சாமி. சக்கரமே இல்லாத பாடிக்கு எங்கே வைப்பது என்று சந்தே கூடி விவாதித்து, கடைசியில் நான்கு மூலையிலும் பழத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். பழம் காய்ந்தது, பாடி அசையவில்லை. பாரம் ஏற்றினால் இறங்கும் என்று வார்ப்படச் சாலையிலிருந்து இரும்புப் பம்புக் கூடுகளை ஏணி வழியாக ஏற்றினார்கள். பாடி இறங்காமல், கனமான மூட்டையைத் தூக்குமுன் மூச்சை இழுப்பவனைப்போல இன்னும் ஒரு முழம் ஏறியது. கூடுகளை இறக்கிவிட்டு ஆறுச்சாமியும் மூன்று வார்ப்பட ஆட்களும் உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள், அது மாமர உயரத்துக்குப் போய்விட்டது.

"இறக்குங்கடா, பொண்டாட்டி புள்ள இருக்குது!" என்று ஆறுச்சாமி ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.

"லெவல் எப்படிங்க இருக்குது மேல?" என்று கீழேயிருந்து கேட்டார் டீக்கடைப் புஷ்பம்.

ஏணிமேல் ஏணி கட்டித்தான் அவர்களை இறக்க முடிந்தது. நாட்கள் இப்படியே போக, ஒரு சனிக்கிழமை யாரையும் கேட்காமல் வஞ்சி ஏணியில் ஏறினாள். முன்சீட்டை மடக்கினாள், பின்னால் போனாள், சீட்டு இருந்த இடத்தில் ஓட்டையைச் சுற்றியிருந்த தகட்டின் மேல் காலை மடக்கி உட்கார்ந்தாள். பாடி இறங்கியது. மேய்ந்துவிட்டு வந்த பசு படுப்பதுபோல் முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம் தாழ்ந்து, சந்தின் நடுவில் தரையைத் தொட்டு நின்றது. என்ன நடந்தது என்று பார்க்க வஞ்சி வெளியே வந்தாள், பாடி ஏறிவிட்டது. மறுபடி ஏறினாள், இறங்கியது. அவள் எடைக்குச் சரியான இரும்பை ஆறுச்சாமி நிறுத்து அதே இடத்தில் வைத்துப் பார்த்தார், பலன் இல்லை. வேறு பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பார்த்தார்கள், பிள்ளைகளுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று, அவ்வளவுதான்.

அந்தச் சந்துக்காரர்கள் தெய்வத்துக்கு அடுத்தபடி நம்புவது போல்ட்டை. ஆகவே ஆறுச்சாமி சொன்ன யோசனை எல்லோருக்கும் பிடித்தது. "புள்ளையை உள்ள வெச்சே பாடியை சேஸிஸ் மேல இறக்குவோம். போல்ட்டை முறுக்கிருவோம். அப்புறம் புள்ளையை எறக்கிட்டா என்ன செய்யும்? போல்ட்டு போட்டா எது நிக்காது?"

சம்பூரணத்துக்கு அது பிடிக்கவில்லை. "எஞ்சின் இருக்கற எடத்துல புள்ளை எங்கீங்க உக்காருவா?"

"எஞ்சின் மேல சாக்கு போட்டுக்கலாம். சித்த நேரந்தான?" என்றார் தண்டபாணி, மகளைப் பார்க்காமல்.

சேஸிஸைச் சந்துக்குத் தள்ளிவந்து அப்படியே செய்தார்கள். பாடி வஞ்சியோடு இறங்கி வந்தது, அவள் மடித்த சாக்கின் மேல், கூரை தலையில் இடிக்காமல் குனிந்து, எஞ்சினைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள். துளைகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின, நாலா பக்கமும் ஸ்பானர்கள் முறுக்கின. புஷ்பம் ஜன்னலருகே தட்டோடு வந்தார். "வா கண்ணு, சூடா ஜாங்கிரி." வஞ்சி ஜன்னல் வழியாக வெளியே வந்தாள். சந்து கைதட்டியது.

கைதட்டல் அடங்குமுன், பாடியும் சேஸிஸும் எஞ்சினும் டயருமாக முழுக் காரும் எழுந்தது. பழைய உயரத்தில் போய் நின்றது. நான்கு சக்கரமும் காற்றில் மெல்லச் சுற்றின.

வஞ்சி வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "மாமா, போல்ட்டு போட்டா எது நிக்காதுன்னு கேட்டீங்கல்ல?" என்றாள் ஆறுச்சாமியிடம். "அதுங்க." பிறகு அப்பாவையும் அம்மாவையும் பார்த்து, அழாமல், முதல் நாள் கேட்டதையே கேட்டாள். "நான் எங்கீங்க உக்காருவேன்?"

அப்பா ஸ்பானரைப் பையில் செருகினார், அம்மா மேலே சுற்றும் சக்கரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க தண்டபாணி," என்றார் புஷ்பம், தட்டை மூடிக்கொண்டே, "வீடெல்லாம் கட்டி முடிச்சுட்டு வாசப்படி வெக்க மறந்தவனாட்டல்ல இருக்குது உங்க வேலை."

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. நீ சேஸிஸை நீட்டு என்றார் தண்டபாணி, நீங்கள் தகட்டை வெட்டுங்கள் என்றார் சம்பூரணம். சோறு போடும்போதும் அதே, சோறு தின்னும்போதும் அதே. சந்தும் இரண்டாகப் பிரிந்தது. தகட்டுக் கட்சி டீக்கடையின் இடது பெஞ்சிலும் குழாய்க் கட்சி வலது பெஞ்சிலும் உட்கார்ந்தது. வஞ்சி எந்த பெஞ்சிலும் உட்காராமல், வாசலில் நின்றுகொண்டே வீட்டுப்பாடம் எழுதினாள். நோட்டைச் சுவரில் வைத்து, எழுத்து மேலும் கீழும் போக, அப்படி எழுதினாள்.

அதைத் தண்டபாணி ஒரு மத்தியானம் பார்த்தார். தகட்டில் கோடு போடும் மாவுக்கல்லை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, மிதக்கும் காருக்குள் போனார். இந்த முறை அது மேலே ஏறவில்லை. பழைய எஞ்சின் மூக்கில் இருந்தபோது, அதன் சூடு காலில் படாமல் தடுக்க ஒரு தகட்டுச் சுவர் உண்டு. இப்போது மூக்கில் எஞ்சின் இல்லை, சுவர் மட்டும் காலி இடத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. அதை வெட்டினால் ஓட்டுபவரின் கால் முன்னே போகும், கால் போனால் சீட்டு போகும், முன்சீட்டுகள் முன்னே போனால் அவற்றுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஓர் இடம் பிறக்கும். அதை அவர் முதல் நாளே அறிவார். மாவுக்கல்லால் கோடு போட்டார். தகட்டை ஒரு தரம் உள்ளங்கையால் தடவினார். பிறகு வெட்டும் மெஷினை ஓடவிட்டார்.

தண்டபாணி ஹெரால்டை வெட்டுகிற சத்தம் கேட்டதும் சந்தில் ஒவ்வொரு லேத்தாக நின்றது. சம்பூரணம் பட்டறையிலிருந்து வெளியே வந்து மேலே பார்த்தார். உள்ளே போய், வெல்டிங் கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு, இரண்டு முழம் குழாயை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"கனத்துப் போயிரும்னு சொன்ன?" என்றார் தண்டபாணி.

"அந்தப் பக்கம் கொஞ்சம் நகருங்க," என்றார் சம்பூரணம்.

தோலும் எலும்பும் காற்றில் மிதந்துகொண்டே வேலை செய்தன, அவர் வெட்ட இவர் ஒட்ட, இவர் நீட்ட அவர் மூட, தீப்பொறி மேலேயிருந்து சந்து முழுக்கச் சொரிய, தீபாவளிக்கு முன்பே அந்தச் சந்துக்குத் தீபாவளி வந்துவிட்டதென்று பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு அதன் கீழே ஓடினார்கள், புஷ்பம் டீயைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி மேலே அனுப்பினார், இரண்டு பெஞ்சுக்காரர்களும் எந்த பெஞ்ச் யாருடையது என்பதை மறந்து அண்ணாந்தபடியே இருந்து கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். எஞ்சினுக்கும் புதிய இடத்துக்கும் நடுவே கனமான தகட்டால் சுவர் எழுப்பி, சூடு தாங்கும் பஞ்சை அதில் ஒட்டினார்கள். அளவெடுக்க மட்டும் வஞ்சியைக் கூப்பிட்டார்கள், உள்ளே வந்தால் வண்டி இறங்கிவிடும் என்று ஏணிப் படியிலேயே உட்கார வைத்தார்கள்.

"முட்டியை மடக்கு கண்ணு," என்றார் அப்பா.

வஞ்சி மடக்கினாள். "நான் வளருவேன்ல?"

"அதுக்கும் சேத்துத்தான் ஒரு சாண் விட்டிருக்குது," என்றார் அம்மா, முகமூடியைக் கழற்றாமலேயே.

பரணில் கிடந்த பின்சீட்டை அளவுக்குக் குறைத்து, புது ரெக்ஸின் தைத்து, தண்டபாணி ஏணியின் உச்சிப் படியில் நின்றபடி உள்ளே தள்ளி வைத்தார். கையை எடுத்ததும், கார் தன் முகத்துக்கு நேரேயிருந்து மார்புக்கும், மார்பிலிருந்து முழங்காலுக்கும் போவதைப் பார்த்தார். புஷ்பம் பெஞ்சுகளைச் சரியான நேரத்தில் இழுத்துவிட்டார், ஒரே ஒரு டீ கிளாஸ்தான் நொறுங்கியது. ஹெரால்டு நான்கு சக்கரத்திலும் தரையில் நின்று, புதிய ஸ்பிரிங்கின் மேல் ஒரு தரம் குலுங்கி அடங்கியது.

ஆறுச்சாமி ஓடி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "புள்ளை உள்ள இல்லீங்களே!"

வஞ்சி அவருக்குப் பின்னால், கையில் பாதி கொய்யாவோடு நின்றிருந்தாள்.

"எடம் இருக்குதல்ல," என்றார் சம்பூரணம்.

கருமலைப் பந்தயத்துக்குச் சந்தே ஒரு டெம்போ வேனில் ஏறிக்கொண்டு, ஜமாப் மேளம் அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அங்கே வந்திருந்த வண்டிகள் எல்லாம் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன, அவற்றுக்கு நடுவில் வெளிர்நீல ஹெரால்டு பெண் பார்க்க வந்த மாமாவைப்போல் நிமிர்ந்து நின்றது.

"ஏனுங்க, இது பந்தய வண்டியா, குடும்பத்தோட பழனிக்குப் போற டாக்ஸியா?" என்று ஓர் அணிக்காரர் கேட்டார்.

"பின்னால தொட்டிலெல்லாம் இருக்குது பாரு," என்றார் இன்னொருவர். "அக்கா, அந்த சீட்டையாவது கழட்டிட்டு ஓட்டுங்க. நாலு கிலோ மிச்சம்."

"கழட்டினா வண்டி உங்க தலைக்கு மேல போயிருமுங்க," என்றார் தண்டபாணி. அவர் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். டெம்போவிலிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

பந்தயத்தில் ஓட்டுபவர் மட்டும்தான் வண்டியில் இருக்கலாம். சம்பூரணம் ஹெல்மெட்டை மாட்டினார், பச்சை விளக்கு எரிந்தது, நடுவயிற்றில் எஞ்சின் உறும ஹெரால்டு கிளம்பியது, முதல் வளைவில் மற்ற வண்டிகளெல்லாம் வாலை வீசிச் சரளையை வாரி இறைத்த இடத்தில் அது பம்பரமாகத் திரும்பியது, நேர் ஏற்றத்தில் காகிதம்போல் ஏறியது, வளைவில் கல்போல் தரையைப் பிடித்தது, முன்னால் மூக்குக்குள் நீண்டிருந்த சம்பூரணத்தின் கால் கடைசி வரை பிரேக்கைப் பாதிக்கு மேல் மிதிக்கவே இல்லை, பின்னால் காலியான சின்ன சீட்டு ஆடாமல் அசையாமல் இருந்தது, ஒவ்வொரு வளைவிலும் நின்ற கொடிக்காரர்கள் கொடியைக் காட்ட மறந்து வாயைப் பிளந்தார்கள், உச்சியில் அது கோட்டைத் தாண்டியபோது நேரம் பார்த்தவர் தன் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார், பிறகு இருவரும் ஒலிபெருக்கியில் ஒரே சமயத்தில் பேசினார்கள். கருமலையில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஏறியதில்லை.

ஆறுச்சாமி அழுதார், அழுதது தூசியால் என்றார். டாக்ஸி என்று சொன்ன அணிக்காரர் வந்து குனிந்து, எஞ்சினைப் பார்க்காமல் அந்தச் சின்ன சீட்டையே நெடுநேரம் பார்த்து, அதன் அளவைக் கையால் சாண் போட்டுக்கொண்டு போனார். சம்பூரணம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கணவரின் தலையில் கவிழ்த்தார், அது அவருக்குப் பொருந்தவில்லை, அப்படியே ஆடினார்.

ஊர் திரும்பும் நேரம் வந்தது. ஒரு பக்கம் டெம்போவில் ஜமாப்பும் புஷ்பம் கொண்டுவந்த ஜாங்கிரித் தூக்குவாளியும் சந்தின் பிள்ளைகள் அத்தனை பேரும். மறுபக்கம் ஹெரால்டு, வெற்றி மாலையோடு. தண்டபாணி கதவைத் திறந்து, முன்சீட்டை மடக்கிப் பிடித்தார். சம்பூரணம் ஸ்டியரிங்கில் கை வைத்துக் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ற எடம் கண்ணு," என்றார் அப்பா. "இதுல வர்றியா, அதுல வர்றியா?"

வஞ்சி உள்ளே தலையை நீட்டி, சீட்டை ஒரு தரம் கையால் அமுக்கிப் பார்த்தாள். "இது இங்கேயே இருக்குமல்லங்க?"

"எங்கயும் போகாது," என்றார் அம்மா.

வஞ்சி டெம்போவில் ஏறினாள்.